ஒஸ்கார் சோடியும் ஹாஜியாரின் பிளேன்டீயும்

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன் என்று பெயர்தான். கொட்டாஞ்சேனையில் நான் காலைப் பாணுக்குச் சம்பல் இடித்து முடிப்பதற்குள் போன் கிணுகிணுக்கும். திறந்து பார்த்தால் ஒரு மீனின் வால். சில நாட்களில் வால் மட்டும்தான் இருக்கும், மீன் படத்துக்குள் வந்திருக்காது. கீழே ஒரு வரி: "ரீட்டா அக்கா, இது வருத்தமா, சண்டையா?" வால் நைந்தது நோயாலா, சண்டைக் காயமா என்று கேள்வி.

வெள்ளவத்தையில் நான் வேலை செய்த வளர்ப்பு மீன் கடையில் இப்போது இருக்கும் பிள்ளைகள்தான் அனுப்புகிறார்கள். படத்தைக் காட்டினால் நோயின் பெயரைச் சொல்லும் ஏதோ ஒன்று அவர்களுடைய போனில் இருக்கிறதாம். அது எல்லா வாலுக்கும் நோய் என்றே சொல்கிறதாம். போன வாரம் ஒருத்தி விளையாட்டுக்குத் தன் பல்லுப் போன சீப்பைப் படம் எடுத்துக் காட்டினாளாம். அதற்கும் செட்டை அழுகல் என்று பதில் வந்ததாம். "அக்கா, நீங்க எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க எண்டு ஒருக்கா எழுதித் தாங்களேன்" என்று கேட்டபடி இருக்கிறார்கள். நோயைப் பற்றி எழுதினால் அவர்களுக்கு நித்திரை வந்துவிடும். ஆகவே ஒரு சண்டையைப் பற்றி எழுதுகிறேன்.

நான் அந்தக் கடைக்குப் பில் எழுதத்தான் போனேன். அதுவரை மீனைக் குழம்பில் மட்டுமே தெரிந்தவள். பிறகு வலை கழுவினேன், தொட்டி கழுவினேன், ஒஸ்கார் மீனிடம் விரலில் கடி வாங்கினேன். அந்தக் கடிக்குப் பிறகுதான் முதலாளி என்னைப் பில் மேசையிலிருந்து எழுப்பித் தொட்டிப் பக்கம் விட்டார். கடித்த மீனை நான் திருப்பித் திட்டிய விதம் அவருக்குப் பிடித்திருந்ததாம்.

முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சத்தம் போட்டு ஒருவரும் கேட்டதில்லை. பிழை செய்தவனை மேசைக்கு முன்னால் இருத்துவார். பக்கத்துக் கடையில் பிளேன்டீ சொல்லுவார், பால் விடாமல் இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணீர். கிளாஸ் வந்ததும், "உம்மாக்கு சொகமா?" என்று கேட்பார். அவ்வளவுதான். தேத்தண்ணீர் குடித்து முடிவதற்குள் அவனுக்கு வேலை போயிருக்கும், போனது அவனுக்கே வாசலில் இறங்கும்போதுதான் விளங்கும். அதனால் எங்கள் கடையில் பிளேன்டீ என்றால் பேயைக் கண்ட மாதிரி. எனக்குத் தாகம் எடுத்தாலும் பச்சைத் தண்ணீர்தான் குடிப்பேன்.

அவர் கற்றுத் தந்த முறை இதுதான். முதலில் கைகளைக் கட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நிற்க வேண்டும். கண்ணாடியைத் தட்டக் கூடாது. நாம் வந்ததை மீன் மறக்கும்வரை நிற்க வேண்டும். வருத்தக்கார மீன் செட்டைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு மூலையில் கிடக்கும். சாப்பாட்டைக் கண்டும் காணாத மாதிரி இருக்கும். அடி வாங்கிய மீனும் மூலைக்குத்தான் போகும், ஆனால் அதன் கண் அடித்தவனை விட்டு நகராது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது டோர்ச். தொட்டிக்குப் பின்னால் பிடித்துச் செட்டையூடாக வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். மீனின் செட்டை குடை மாதிரி, கம்பிகளுக்கு நடுவில் மெல்லிய தோல். சண்டையில் அந்தத் தோல் கம்பியோரமாக நேரே கிழியும், அல்லது கடித்த வாயின் அளவுக்கு அரைவட்டமாகத் துண்டு போகும். விளிம்பு சுத்தமாக இருக்கும். விலாவில் செதில் உதிர்ந்திருக்கும், உதடு தோலுரிந்திருக்கும். அழுகல் அப்படியல்ல. கம்பியும் தோலும் சேர்ந்தே கரையும், விளிம்பு பால் தோய்ந்த மாதிரி மங்கும், உள்பக்கம் சிவக்கும். பஞ்சு மாதிரி மயிர் விட்டால் பங்கஸ், அதாவது பூஞ்சணம்.

கடைசியாகச் சுத்தத் தண்ணீர் வாளி. மருந்து ஒன்றும் போடாமல் மீனைத் தனியே விட்டுப் பார்க்க வேண்டும். சண்டைக் காயம் நின்ற இடத்தில் நிற்கும், பிறகு விளிம்பில் கண்ணாடி மாதிரிப் புதுத் தோல் வளரும். வருத்தமென்றால் தனியே இருந்தாலும் உள்ளே தின்றுகொண்டு போகும். ஆனால் மனிதருக்குப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை ஏது? நீல மருந்தைக் கவிழ்த்துவிட்டு அப்புறம்தான் எங்களிடம் வருவார்கள். "மருந்து ஊத்துறது லேசு, பாக்கிறதுதான் கஷ்டம்" என்பார் ஹாஜியார்.

ஹெவ்லொக் டவுனில் புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு சோடி ஒற்றை ஃபைட்டர் மீன் வளர்த்தது. சண்டை போட ஆளே இல்லை, ஆனால் வால் கந்தல். போய்ப் பார்த்தால் மீன் கிண்ணம் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கிறது. மீன் விடியவிடியத் தன்னையே எதிரியென்று பார்த்துச் சிலிர்த்து, பிளாஸ்டிக் பூவில் மோதி வாலைக் கிழித்திருக்கிறது. கிண்ணத்தை மற்றப் பக்கம் மாற்றி வைத்தேன். அந்த வீட்டில் கண்ணாடியை விட்டு நகராத இன்னொருவரும் இருந்தார். அவரை மாற்றி வைப்பது என் வேலை இல்லை.

எல்லாம் இப்படிச் சிரிப்பாக முடியவில்லை. கடையில் முன்பு ஒருவன் இருந்தான். வால் நைந்த ஒரு மீனைச் சண்டைக் காயம் என்று சொல்லி விற்றுவிட்டான். அது அழுகல். வாங்கியவரின் தொட்டியில் இருந்த அத்தனை மீனும் செத்தன. ஹாஜியார் தானே அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, பிளேன்டீ சொன்னார். அன்றிலிருந்து புது மீன்கள் பின் தொட்டிகளில் கிடந்து, ஹாஜியார் தலையசைத்த பிறகுதான் முன்னால் வரும். அவசரப்பட்டு எடுத்தவனுக்குக் கடையில் இடமில்லை.

அந்தப் பழையவனுடைய இடத்துக்கு வந்தவன்தான் சுனில். சிங்களப் பெடியன், நல்லவன். ஆனால் அவசரக்காரன், வாய்க்காரன். தினமும் என்னோடு வலைக்குச் சண்டை, வாளிக்குச் சண்டை. அவனுக்கு நுகேகொடையில் ஒரு பெண் பேசி முடிவாகியிருந்தது. பெண் வீட்டாரிடம் தான் கடையின் மனேஜர் என்று சொல்லி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடையைப் பார்க்க வருவதாக இருந்தது. கடையில் மனேஜர் என்று ஒருவர் கிடையாது, ஹாஜியாரும் பூனையும்தான் மேல் பதவி.

சரியாக அந்த வாரம்தான் திலகவதி அன்ரி வந்தா. வெள்ளவத்தையில் ஒரு பிளட்டில், அடுக்குமாடிக் குடியிருப்பில், மேல் மாடியில் அவவும் புருஷன் மகாதேவன் அங்கிளும் இருக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு முன் ஒஸ்கார் சோடி ஒன்றைச் சுனில்தான் அவவுக்கு விற்றான். இரண்டும் கடையில் ஒன்றாகவே வளர்ந்தவை, ஒருநாளும் முறைத்துக்கொண்டதில்லை. அன்ரி நெற்றி நிறையத் திருநீறோடு வந்து போனை ஹாஜியாரின் மூக்குக்கு நேரே நீட்டினா.

"இஞ்ச பாருங்கோ, வால் அழுகி விழுகுது. வருத்தக்கார மீனை என்ர தலையில கட்டிப்போட்டியள். எங்கட பிளட் முழுக்கச் சொல்லிப்போட்டன்."

படத்தில் இரண்டு மீன்களின் வாலும் கந்தல். விளிம்பில் வெள்ளையும் தெரிந்தது. ஹாஜியார் சுனிலை ஒரு பார்வை பார்த்தார். பின் தொட்டியிலிருந்து அவசரமாக எடுத்தானா என்பதுதான் அந்தப் பார்வை.

"அனே அக்கே, நான் எடுக்க இல்லை" என்றான் சுனில் என்னிடம் வந்து. "ஹாஜியார் தலை ஆட்டினதுக்குப் பிறகுதான் குடுத்தது. அக்கே, தெய்யோ சாட்சி."

"தெய்வத்தை ஏன் சாட்சிக்கு இழுக்கிறாய்? உன்ர வலையைக் கழுவு" என்றேன். ஆனாலும், தினமும் சண்டை பிடிக்க ஆள் இல்லாமல் போனால் கடையில் என்ன சுகம்?

ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். "ரீட்டா, நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கோ. சண்டை எண்டா நல்லம். வருத்தம் எண்டா, சனிக்கிழம நான் சுனிலோட கதைக்கணும்." எப்படிக் கதைப்பார் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு இஞ்சி வாசனையே வந்துவிட்டது.

மறுநாள் வியாழக்கிழமை டோர்ச்சையும் வாளியையும் தூக்கிக்கொண்டு அன்ரி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் சாமிப் படங்கள், அதற்கு நேர் கீழே மீன் தொட்டி. சாம்பிராணிப் புகை. அங்கிள் பேப்பரோடு சாய்கதிரையில். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு மீனும் இரண்டு மூலையில், ஒன்றையொன்று கண்ணால் சுட்டுக்கொண்டிருந்தன. டோர்ச் பிடித்தேன். நேர் கிழியல்கள், அரைவட்டத் துண்டுகள், உதடு உரிந்திருக்கிறது. எல்லாம் சண்டை. ஆனால் கிழிந்த விளிம்பெல்லாம் வெள்ளை படிந்திருந்தது. காயத்தில் பங்கஸ் ஏறியிருந்தால் நான் எதைச் சொன்னாலும் ஹாஜியார் சந்தேகப்படுவார், சுனில் தொலைந்தான்.

பெரிய மீனை மெதுவாகப் பிடித்து வாளியில் விட்டேன். அது கோபத்தில் வாலை அடித்தது. வெள்ளை அப்படியே கழன்று வாளியின் அடியில் போய்ப் படிந்தது. பங்கஸ் என்றால் இப்படி உதறியதும் போகாது, வேர் விட்டுப் பிடித்திருக்கும். விரலால் தொட்டுப் பார்த்தேன், மா மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். எனக்கு நேர் மேலே சாமித்தட்டில் அதே வெள்ளை.

"அன்ரி, தண்ணிக்குள்ள திருநீறு போட்டீங்களா?"

"ஓம். கோயிலால கொண்டந்தது. வருத்தம் எண்டா போடாம விடுறதே?"

நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் மாதா கோயில் தீர்த்தத் தண்ணீர் விழாத பாத்திரம் கிடையாது, நான் யாரைச் சிரிப்பது? "சாப்பாடு என்ன குடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அன்ரி குரலைத் தாழ்த்தினா. "இது கந்தசட்டி விரதமெல்லோ. டின்னில என்ன எழுதிக் கிடக்கெண்டு இப்பதான் வாசிச்சனான். மீனும் இறாலும் அரைச்சுப் போட்டிருக்கு! சாமிக்கு முன்னால மச்சம் மாமிசம் போடலாமே? விரதம் துவங்கினதில இருந்து அவிச்ச பயறுதான் போடுறன்."

தொட்டியின் அடியில் பயறு பயறாகவே கிடந்தது. சாமிக்கு முன்னால் இருக்கிற பாவத்துக்கு ஒஸ்காரும் விரதம்! ஆனால் எனக்கு இன்னும் கணக்குச் சரிவரவில்லை. பசித்த மீன் சிடுசிடுக்கும், சரி. இந்த அளவுக்கு வாலைப் பிய்க்க வேண்டுமானால் பிய்த்துப் பிடுங்க ஏதாவது இருக்க வேண்டும். பயற்றுக்காக இரண்டு ஒஸ்கார்கள் உதடு கிழிய மோதாது. குனிந்து தண்ணீரின் மேற்பரப்பைப் பார்த்தேன். மெல்லிய எண்ணெய்ப் படலம். பில்டர் பஞ்சைக் கழற்றிப் பிழிந்தேன். பொன்னிறத்தில் பொரிந்த பாண் தூள், ரொட்டித் துகள்.

அன்ரி வாளியில் ஊற்றத் தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனா. அந்த நேரம் பார்த்து அங்கிள் கதிரையை விட்டு எழும்பினார். உடனே தொட்டியில் நின்ற சின்ன ஒஸ்கார் அவர் பக்கக் கண்ணாடிக்குப் பாய்ந்தது. வாளிக்குள் கிடந்த பெரியதும் அவரைக் கண்டு துள்ளியது. அன்ரி அவ்வளவு நேரம் பக்கத்தில் நின்றும் இரண்டும் அவவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கிள் இடப்பக்கம் போனால் மீனும் இடப்பக்கம், வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம். நான் அங்கிளின் சட்டைப் பையைப் பார்த்தேன். அதில் எண்ணெய் வட்டம். பாண் தூளில் புரட்டிப் பொரிக்கிற பண்டம் ரோல்ஸ்தானே.

"என்ன ரோல்ஸ் அங்கிள்?" என்று மெல்லக் கேட்டேன்.

அவர் குசினிப் பக்கம் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "மட்டன். பிள்ளை, கத்தாதை. சந்திக் கடையில நிண்டு சாப்பிட்டிட்டு, மிச்சத்தைக் கொண்டந்து... இதுகள் பாவமாப் பாத்துதுகள். ஒரு துண்டுதான் போட்டனான்."

"அந்த ஒரு துண்டுதான் பிழை. ரெண்டு மீனுக்கு ஒரு துண்டு போட்டா என்ன நடக்கும்? இப்ப எங்கட கடையில ஒருத்தனுக்கு வேலை போகப்போகுது, கலியாணமும் போகப்போகுது." சுனிலின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"நாளைக்கு நானே கடைக்கு வந்து முதலாளியிட்டச் சொல்லுறன். இவவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை." பாவமாக இருந்தது. அவரே வந்து சொல்லும்வரை யாரிடமும் வாய் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்ரி வந்ததும், வருத்தம் இல்லை, சண்டைதான், பசியால் வந்தது என்றேன். அவ இடுப்பில் கை வைத்தா. "பட்டினி கிடந்தா சண்டை வருமே? நானும்தான் பட்டினி கிடக்கிறன். நான் ஆரையும் கடிச்சனானே?" அங்கிள் பேப்பருக்குப் பின்னால் இருமினார். "கடைக்காரர் கடைக்காரருக்குத்தான் கதைப்பினம்" என்று முடித்துவிட்டா அன்ரி. நான் தொட்டிக்கு நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பை வைத்து, அந்த டின்னில் இருந்த பழைய குருணைச் சாப்பாட்டையே இரண்டு பக்கமும் போடச் சொல்லி, சாமிக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு சின்னத் திரை கட்டலாம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஹாஜியார் நான் சொன்னதைக் கேட்டார். மீனுக்கும் விரதம் என்றதும் அவருடைய தாடி லேசாக அசைந்தது. "நோம்பு மனிசருக்குத்தான் கடம, மீனுக்கு இல்ல" என்றார். பிறகு, "மீனுகள் பயறுக்கா சண்ட புடிச்ச?" என்று கேட்டார். அங்கிளுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து, டோர்ச்சைத் துடைக்கத் தொடங்கினேன். "உங்கட கண்ண நான் நம்புறேன் ரீட்டா. ஆனா ஊரெல்லாம் சொன்ன வாய் அவங்கட வாய். அந்த வாயாலதான் இல்ல எண்டு வரணும். இல்லாட்டி கடைட பேர் போற." அதுதான் அவருடைய சட்டம். முறைப்பாடு சொன்ன வீட்டார் திருப்பி எடுக்கும்வரை முறைப்பாடு உயிரோடிருக்கும்.

வெள்ளிக்கிழமை முழுவதும் வாசலைப் பார்த்தேன். அங்கிள் வரவில்லை. சனிக்கிழமை காலையும் வரவில்லை. சுனில் அன்றைக்கு என்னோடு வலைக்குச் சண்டை பிடிக்கவில்லை, எல்லா வலையையும் தானே கழுவி அடுக்கி வைத்தான். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, அங்கிள் மேல் ஆத்திரமும் வந்தது. மத்தியானம் ஹாஜியார் மேசையைத் துடைத்தார். கதிரையை இழுத்துப் போட்டார். "சுனில், வந்து இரிங்கோ" என்றார். பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்தார்.

பிளேன்டீ வந்தது. ஆவி பறக்க மேசையில் வைத்தார்கள். சுனில் கிளாஸைத் தொடவில்லை, தொட்டால் வேலை போய்விடும் என்று நினைத்தானோ என்னவோ. "அம்மாக்கு சொகமா?" என்று ஹாஜியார் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. வாக்காவது ஒன்றாவது, ரோல்ஸ் கதையை அப்படியே கொட்டிவிடுவது என்று மேசைப் பக்கம் போய் வாயைத் திறந்தேன்.

கடைக் கதவு திறந்தது. திலகவதி அன்ரி.

"முதலாளி, பிழை எங்கட வீட்டில" என்றா நின்ற நிலையிலேயே. "மீனில ஒரு வருத்தமும் இல்லை. உங்கட பெடியனில ஒரு குற்றமும் இல்லை. சாப்பாட்டில வந்த சண்டை. நான் பிளட்டில எல்லாருக்கும் திருப்பிச் சொல்லிப்போட்டன்."

ஹாஜியார் எழும்பி அவவைக் கதிரையில் இருக்கச் சொன்னார். பிளேன்டீயை அவ பக்கம் நகர்த்தினார். "நான் விரதம்" என்று அன்ரி கையசைத்தா. கிளாஸ் மேசையிலேயே கிடந்தது. ஹாஜியார் சுனிலைப் பார்த்து, "போய் வேலையப் பாருங்கோ" என்றார். சுனில் பின்பக்கம் ஓடிப்போய் வாளிகளுக்கு நடுவில் குந்திவிட்டான். நான் அன்ரியை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனேன்.

"அங்கிள் சொன்னவரா?" என்று கேட்டேன்.

"அவரோ? வாய் திறப்பாரே?" அன்ரி சேலைத் தலைப்பைச் சரிசெய்தா. "நீ அண்டைக்கு வந்து நிக்கேக்க நான் குசினி வாசலில நிண்டு பாத்தனான். மீன் ரெண்டும் அவரின்ர சட்டைப் பையைப் பாத்துக் கும்பிடுது. நான் என்ன குருடியே? அவர் வருசா வருசம் கந்தசட்டிக்கு நடுவில ரோல்ஸ் கடைக்குப் போறவர். கலியாணம் முடிச்ச காலந்தொட்டு எனக்குத் தெரியும். நான் தெரியாத மாதிரி இருக்கிறனான்."

"பிறகேன் இப்ப வந்தீங்க?"

"அந்தப் பெடியன்ர கலியாணக் கதையும் காதில விழுந்ததெல்லோ. என்ர விரதத்தால ஒரு பிள்ளையின்ர கலியாணம் குழம்பினா, முருகன் என்னைச் சும்மா விடுவாரே?" படியில் இறங்கியவ திரும்பினா. "பிள்ளை, அவரைக் கண்டா ஒண்டு சொல்லு. ரோல்ஸ் வாங்கினா ரெண்டாப் பிச்சு ரெண்டு பக்கமும் போடட்டும் எண்டு. நீயாச் சொல்லுற மாதிரிச் சொல்லு. எனக்கொண்டும் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை நுகேகொடைக்காரர் வந்தார்கள். பெண்ணின் தகப்பன், தாய், இரண்டு மாமாமார். சுனில் இஸ்திரி போட்ட சட்டையோடு, வேர்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய மனேஜர் கதையை நான் முதல் நாளே ஹாஜியாரின் காதில் போட்டுவிட்டிருந்தேன். என் வாய் சும்மா இருக்காது. அவர் கேட்டுக்கொண்டே ஒரு தொட்டியின் கண்ணாடியைத் துடைத்தார்.

வந்தவர்களைக் கண்டதும் ஹாஜியார் தன் கதிரையை விட்டு எழும்பினார். அதில் சுனிலை இருத்தினார். தான் வலை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். வந்தவர்களை உபசரிக்க வேண்டுமல்லவா? பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்தார். எல்லோருக்கும் பிளேன்டீ வந்தது, சுனிலுக்கும் ஒன்று வந்தது.

சுனிலின் முகம் வெளுத்துவிட்டது. கிளாஸைப் பார்த்தான், ஹாஜியாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கிளாஸை மேசையின் மற்றப் பக்கம் தள்ளி வைத்தான். பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளைக்கு என்ன வந்தது என்று உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

ஹாஜியார் குனிந்து கிளாஸைத் தூக்கிச் சுனிலின் கையிலேயே கொடுத்தார்.

"குடிங்கோ மனேஜர்" என்றார். "இதுல வருத்தம் ஒண்டும் இல்ல."